கலாநிதிப் படிப்புக்குப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்டால், தயவுசெய்து இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள்

மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் பட்டம் முடித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். மாரி வந்தால் டெங்குதான். ஒரே வீட்டிலிருந்து வரும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே காய்ச்சல், ஆனால் ஒருவருக்கு மட்டும் பிளேட்லெட் கிடுகிடுவென்று இறங்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை. கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யவேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

தெரிந்த ஒருவர் சொல்லித்தான் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் அந்த முகவர் நிலையத்துக்குப் போனேன். நகரத்தில், கடைக்கு மேல்மாடியில் கந்தோர். சுவர் முழுக்கக் கடவுச்சீட்டைக் கையில் பிடித்தபடி சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். அங்கிருந்தவர் என் பெறுபேறுகளைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்கட மார்க்ஸுக்கு அமெரிக்காவில முழுப் புலமைப்பரிசிலே எடுக்கலாம். நீங்கள் ஒண்டுக்கும் ஓடித்திரிய வேண்டாம், எல்லாம் நாங்கள் பாப்பம்" என்றார். பதிவுக் கட்டணம் 75 ஆயிரம் ரூபா கொடுத்தேன்.

ஐப்பசி நடுவில் கடிதம் வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முத்திரை, ஒரு பேராசிரியரின் கையெழுத்து. மூன்றாவது பந்தியில், என்ஐஎச் எனப்படும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பயிற்சி மானியத்துக்கு நான் தெரிவாகிவிட்டேன், ஐந்து வருடமும் செலவு அவர்களுடையது என்று இருந்தது. இடத்தை உறுதிப்படுத்த ஐந்து நாளுக்குள் இன்னும் 3 இலட்சத்து 50 ஆயிரம் கட்டவேண்டுமாம். அம்மா தன் காப்பையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கடிதத்தைச் சாமியறையில் வைத்து, வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போய் என் பெயரில் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தார்.

விஷயம் பிடிபட்டது மார்கழியில். அமெரிக்காவில் உயிர்மருத்துவத்தில் கலாநிதி முடித்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு அக்காவிடம், அங்கே குளிருக்கு என்ன கொண்டுபோகவேண்டும் என்று கேட்கப் போனேன். கடிதத்தையும் காட்டினேன். அதில் அம்மா பூசிய திருநீறு ஒட்டியிருந்தது. அக்கா அதை விரலால் மெல்லத் தட்டிவிட்டு, மூன்றாவது பந்தியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"பிள்ளை, உமக்குக் கிரீன் காட் இருக்கோ?"

இல்லை என்றேன். அப்படியென்றால் இந்தக் காசு உமக்கு வரவே முடியாது என்றார். அந்த மானியம் உண்மையிலேயே இருக்கிறது. டி32 என்று அங்கே சொல்வார்கள். ஆனால் சட்டப்படி அமெரிக்கப் பிரஜைகளும் கிரீன் காட் எனப்படும் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களும்தான் அதில் சேரலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கும் அங்கே பணம் கிடைக்கிறது, ஆனால் வேறு வழியால்: பேராசிரியரின் சொந்த ஆராய்ச்சி மானியத்திலிருந்து ஆராய்ச்சி உதவியாளராகவோ, துறையின் நிதியிலிருந்தோ, கற்பித்தல் உதவியாளராகவோ. உண்மையான ஒரு மானியத்தின் பெயரைப் போட்டுத்தான் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் கூகுளில் தேடிப் பார்த்தபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. யாருக்குக் கொடுப்பார்கள் என்ற பகுதியை நான் வாசிக்கவில்லை.

அக்கா சொன்ன மற்ற விஷயங்களைக் கேட்கக் கேட்க வயிற்றைப் பிசைந்தது. அங்கே உயிர்மருத்துவக் கலாநிதிப் படிப்புகளுக்கு விண்ணப்ப முடிவுத் திகதி பெரும்பாலும் டிசம்பரை ஒட்டித்தான் வரும். தை, மாசியில் நேர்முகம் நடக்கும். எனக்கு யாரும் நேர்முகம் வைக்கவில்லை. விண்ணப்பம் முடியுமுன்பே, ஐப்பசியில், தெரிவுக் கடிதம் எப்படி வரும்? பல படிப்புகளில் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் சில வாரங்கள் மாறி மாறி வேலை செய்து பார்த்த பிறகுதான் பேராசிரியரையே தெரிவு செய்வார்கள். ஐந்து நாள் கெடு என்பதும் பொய்தான். நிதியுதவியோடு இடம் கொடுத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க விடுவதாக அங்கே ஏராளமான பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன.

அன்றிரவே பல்கலைக்கழக இணையத்தளத்தில் இருந்த முகவரிக்கு அந்தப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன். விடியப் பதில் இருந்தது. அப்படி ஒரு கடிதம் தான் எழுதவில்லை, கையெழுத்தும் தன்னுடையது இல்லை என்று எழுதியிருந்தார். ஆராய்ச்சியில் ஆர்வமிருந்தால் முறைப்படி விண்ணப்பியுங்கள் என்றும் ஒரு வரி. அந்த வரியை வாசித்துத்தான் அழுதேன். இதை ஐப்பசியிலேயே கேட்டிருக்கலாம், ஒரு சதமும் செலவில்லை.

கந்தோருக்குப் போனேன். விசா மறுக்கப்பட்டால்தான் பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம், நான் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லையாம். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் 'ஆலோசனைக் கட்டணம்' என்றுதான் எழுதியிருந்தது. புலமைப்பரிசில் என்ற சொல்லே இல்லை. காசு போனதும் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு.

ஒரு சதமும் கேட்காததுதான் உண்மையான இடம் என்றும் சொல்லமுடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல விண்ணப்பக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அதை அவர்களுடைய தளத்திலேயே நீங்கள் கட்டலாம், வசதியில்லை என்று எழுதிக் கேட்டால் சில இடங்களில் விலக்கும் தருவார்கள். விசாவுக்கு முன் கட்டவேண்டிய, வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்வதற்கான 350 டொலர் செவிஸ் கட்டணமும் நேரே அமெரிக்க அரசுக்குத்தான் போகிறது. ஐரோப்பாவில் மேரி கியூரி கலாநிதி வலையமைப்புகள் இருக்கின்றன. அவை ஒப்பந்தத்தோடும் சம்பளத்தோடும் கூடிய வேலைகள், ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைகளுக்கான யூராக்செஸ் தளத்தில் விளம்பரம் வரும், எந்த நாட்டவரும் கேட்கலாம். சேரும் நாட்டில் கடந்த மூன்று வருடத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை, ஊரிலேயே இருக்கும் எங்களுக்கு அது தடையே இல்லை. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள தூதரகம் மூலம் விண்ணப்பிக்கலாம். இவை ஒன்றுக்கும் இடையில் ஆள் தேவையில்லை.

யார் கடிதம் நீட்டினாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இது யாருடைய காசு, என் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அதைக் கொடுப்பார்களா? அதை மானியம் கொடுப்பவரின் தளத்திலேயே தேடி வாசியுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். என்னிடம் கடிதம், பற்றுச்சீட்டுகள், பேராசிரியரின் பதில், வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் தனி ஒருத்தி சொல்வதைக் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று கந்தோர்க்காரர் தரப்பில் மாற்றப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ உங்களிடமும் இப்படி ஒரு கடிதம் இருந்தால், மூன்றாவது பந்தியைப் பாருங்கள். அதே மானியத்தின் பெயர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த முறை பொலிஸுக்குச் சேர்ந்தே போவோம்.