எழுத ஓடவில்லையா? எந்த முடக்கத்துக்கு எந்த வழி

எழுத உட்கார்ந்தும் ஒரு வரிகூட நகராத நிலைக்கு 1940-களில் எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர் 'ரைட்டர்ஸ் பிளாக்' என்று பெயர் வைத்தார். பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றுதான் என்ற எண்ணம் கூடவே ஒட்டிக்கொண்டது. "மனசு இருக்கோ இல்லையோ, தினமும் எழுது" என்பவர்களுக்கும் "விட்டுட்டு ஒரு நடை போய்ட்டு வா" என்பவர்களுக்கும் இடையே முடியாத வழக்கு நடப்பதற்கு இதுதான் காரணம். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. இரண்டு வேறு முடக்கங்களுக்கு இரண்டு பேரும் மருந்து சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எனவே வழிகளை ஒப்பிடும் முன் ஒரு சின்னச் சோதனை. கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, எழுத நினைத்த விஷயத்தை இரண்டு நிமிடம் வாயால் சொல்லுங்கள். குறிப்பு எதையும் பார்க்கக் கூடாது. சரளமாகச் சொல்ல வருகிறது, எழுதினால்தான் வரவில்லை என்றால் அது சொல்முடக்கம்: உள்ளே இருக்கும் நடுவர் சீக்கிரமே விழித்துக்கொண்டுவிட்டார். அரை நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டால் சரக்குப் பஞ்சம். ஓர் இடம் வரை நன்றாகப் போய், "அப்புறம்... அப்புறம்..." என்று இழுத்தால் கட்டுமானக் கோளாறு. பலநாள் தூக்கமில்லாதவருக்கும், எதிலுமே நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் இருப்பவருக்கும் கீழே உள்ள எந்த உத்தியும் உதவாது. முதலில் ஓய்வு, தேவையென்றால் மருத்துவர்.

நிறுத்தாமல் எழுதுவதா, அளந்து எழுதுவதா

'ஃப்ரீ ரைட்டிங்' எனப்படும் நிறுத்தா எழுத்தை 1970-களில் பரவலாக்கியவர் பீட்டர் எல்போ. விதி எளிது: 10 நிமிடம் கை நிற்கக் கூடாது, மேலே போய்ப் படிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டிருக்கலாம். சொல்முடக்கத்துக்கு இதைவிட வேகமான மருந்து கிடையாது. நடுவருக்கு வாய் திறக்க நேரமே கிடைக்காது.

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தட்டுபவரின் கண், ஒவ்வொரு சொல்லும் சரியாக மாறியதா, ன-வா ண-வா, ஒற்று விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பார்வையே திருத்தம்தான். நிறுத்தா எழுத்தின் பயன் பாதி அங்கேயே போய்விடுகிறது. ஆகவே இந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டுமாவது தாளும் பேனாவும் மேல். தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பரிந்துரைப் பட்டியை அணைத்து, திரையின் வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்துவிடுங்கள்.

இதன் வழக்கமான தோல்வி, நாட்குறிப்பாக வழிந்து போவது. பத்து நிமிடம் எழுதி, மூடி, மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் நோட்டுப் புத்தகம்தான் நிறையும். எழுதியதைப் படித்து, சற்றே உயிருள்ள ஒரே ஒரு வரியை அடிக்கோடிட்டு, அதை அடுத்த பத்து நிமிடத்தின் முதல் வரியாக வைக்க வேண்டும். இப்படி மூன்று சுற்று. மூன்றாவது சுற்றிலும் அடிக்கோடிட ஒரு வரி தேறவில்லை என்றால் நோய் சொல்முடக்கம் அல்ல, சரக்குப் பஞ்சம். அன்றைக்கு எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்கப் போகலாம்.

ஜூலியா கேமரன் 1992-இல் பிரபலமாக்கிய 'காலைப் பக்கங்கள்' இதே குடும்பம்தான்: விழித்தவுடன் கையால் மூன்று பக்கம். மனக்குப்பையை வெளியே கொட்டுவதுதான் அதன் நோக்கம், படைப்பு அல்ல. பலருக்கு அரை மணிக்கு மேல் பிடிக்கும். நாளுக்கு ஒரு மணி நேரமே கிடைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. குப்பை கொட்டி முடிக்கும்போது வீடு கட்ட நேரம் இருக்காது.

எதிர்முகாமில் அளவு வைத்து எழுதுபவர்கள். இவர்களின் குலதெய்வம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப். கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று மூன்று மணி நேரம் எழுதினார். இதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடும் ஒரு செய்தி, அந்த மூன்று மணியில் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே போனது என்பது. அந்த அரை மணியை வெட்டிவிட்டு 250-ஐ மட்டும் பின்பற்றுபவர் மூன்றாம் நாளே திணறுவார்.

அளவு முறைக்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், எழுதத் திணறிய 27 கல்வியாளர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு அவசரம் தவிர எழுதவே கூடாது. இன்னொன்று மனம் வந்தால் எழுதலாம். மூன்றாவது, வந்தாலும் வராவிட்டாலும் எழுதியாக வேண்டும், தவறினால் தண்டம். மனம் வந்தால் எழுதியவர்களைவிடக் கட்டாயக் குழு மூன்று மடங்குக்கு மேல் பக்கங்கள் எழுதியது. அதைவிட முக்கியம், புதிய எண்ணங்களும் அவர்களுக்கே இரு மடங்கு வந்தன. எண்ணம் வந்தபின் எழுதுவது என்ற வரிசையே தலைகீழ் என்றுதான் இது காட்டுகிறது. ஆனால் 27 பேர் சிறிய எண்ணிக்கை. அவர்கள் அனைவரும் துறைசார் சரக்கு உள்ளவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

நேரமா, சொல்லா, எதை அளப்பது? உட்கார்ந்துகொண்டே வேறு எதையோ மேய்பவர் சொல்லை அளக்கட்டும். இழுத்து வளர்த்து எழுதுபவர் நேரத்தை அளக்கட்டும். முதல் வரைவுக்குச் சொல் கணக்கும், திருத்தத்துக்கு 25 நிமிடத் துண்டுகளும் பெரும்பாலும் ஒத்துவரும். எவ்வளவு வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் மோசமான நாளில் எவ்வளவு முடியுமோ அதுதான் அளவு. 200 சொல் என்றால் 200. பாக்கி வைக்கும் வழக்கம் மட்டும் கூடவே கூடாது. நேற்று தவறிய 200-ஐ இன்றைக்கு ஏற்றினால் 400, நாளை 600. நான்காம் நாள் அந்தக் கடனைப் பார்த்தே மேசைப் பக்கம் போகமாட்டீர்கள்.

இன்னொரு சின்ன மோதல். அளவு முடியும் இடமும் காட்சி முடியும் இடமும் ஒன்றாக அமைந்தால் அன்று நிம்மதி, மறுநாள் வெற்றுத்தாள். ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்தச் சொன்னார். இரண்டையும் சேர்க்கலாம்: அளவு முடிந்ததும் அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தைப் பாதி எழுதி விட்டுவிடுங்கள். அந்தாதி மாதிரி, நேற்றைய கடைசிச் சொல் இன்றைய முதல் சொல்லை இழுத்து வரும்.

ஆறப்போடுவதா, விடாப்பிடியா

ஆறப்போடுவதற்கு ஆதரவு பலமாகவே இருக்கிறது. 1926-இல் கிரகாம் வாலஸ் படைப்புச் சிந்தனையைத் தயாரிப்பு, அடைகாத்தல், பளிச்சிடல், சரிபார்த்தல் என்று நான்கு கட்டமாகப் பிரித்தார். சோம்பேறித்தனத்துக்கு இரண்டாம் கட்டத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் முதல் கட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அடைகாக்க முட்டை வேண்டும். சியோவும் ஆர்மரோடும் 2009-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஒதுக்கிவைக்கும் முன் அதிக நேரம் முட்டி மோதியவர்களுக்கே இடைவெளி அதிகம் பலன் தந்தது.

செய்முறை: அரை மணி நேரமாவது விடாமல் முயலுங்கள். பிறகு எங்கே சிக்கியது என்பதை ஒரே கேள்வியாகத் தாளில் எழுதுங்கள். "இரண்டாம் அத்தியாயம் சரியில்லை" என்பது கேள்வி அல்ல. "அக்கா ஏன் அன்று இரவே கிளம்பவில்லை?" என்பது கேள்வி. பின் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்குங்கள், துணி மடியுங்கள். கைக்கு வேலை இருக்க வேண்டும், மூளைக்கு அதிகம் இருக்கக் கூடாது. படம் பார்ப்பதும் கைப்பேசியை உருட்டுவதும் இதில் சேராது. அடுத்தவர் சொற்கள் உள்ளே நிரம்பினால் உங்கள் கேள்விக்கு இடமிருக்காது. திரும்பி வரும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள், இல்லையேல் ஆறப்போட்டது ஊசிப்போகும்.

நடைக்குத் தனிப் பேச்சு வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸ்ஸோவும் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், நடக்கும்போது புதுமையான எண்ணங்கள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெளியில் நடந்தாலும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் புதிர்களில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினர். ஆக, 'வேறு எப்படியெல்லாம் முடிக்கலாம்' என்று பட்டியல் போட நடக்கலாம். அந்தப் பட்டியலில் எது சரி என்று தேர்ந்தெடுக்க உட்காருங்கள்.

தாண்டிப் போவதா, பின்னால் போவதா

கட்டுமானக் கோளாறில்தான் தவறான மருந்து அதிகம் கொடுக்கப்படுகிறது. நின்றுபோன பக்கத்தையே பத்து முறை திருத்துவார்கள். கோளாறோ பெரும்பாலும் அதற்கு நான்கு பக்கம் முன்பே நடந்திருக்கும்.

"இங்கே பிறகு நிரப்பவும்" என்று குறி போட்டுத் தாண்டிப் போவது ஒரு வழி. விடுபட்டது தகவல் என்றால் (ஓர் ஆண்டு, ஒரு பாத்திரத்தின் பெயர், அறையின் வருணனை) தாராளமாகத் தாண்டலாம். விடுபட்டது ஒரு முடிவு என்றால் தாண்டக் கூடாது. அவன் பொய் சொன்னானா இல்லையா என்று தீர்மானிக்காமல் எழுதும் அடுத்த முப்பது பக்கமும் இரண்டுக்கும் பொருந்தும்படி மழுப்பலாக வரும்.

எதிர்வழி, தலைகீழ்ச் சட்டகம். இதுவரை எழுதிய ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரே வரி: இந்தப் பத்தி என்ன செய்கிறது? 2,000 சொல்லுக்குக் கால் மணி நேரம் போதும். பிறகு அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். எந்த இரண்டை இடம் மாற்றினாலும் வித்தியாசம் தெரியவில்லையோ, அங்கே இணைப்பு இல்லை. எங்கே ஒரே வேலையை இரண்டு பத்தி செய்கிறதோ, அங்கே ஓட்டம் நின்றுவிட்டது. அந்த இடத்துக்குப் பிறகு உள்ளதை அழிக்காமல் வேறு கோப்புக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து எழுதுங்கள். அழித்தால் மனசு கேட்காது.

முன்கூட்டியே விரிவான சட்டகம் போடுவதை எல்லோருக்கும் பரிந்துரைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. மைக் ரோஸ் 1980-இல் பத்து மாணவர்களை ஆராய்ந்து எழுதினார்: ஐந்து பேர் திணறுபவர்கள், ஐந்து பேர் அப்படியில்லாதவர்கள். திணறியவர்களிடம் திறமை குறைவாக இல்லை, நெகிழாத விதிகள்தான் அதிகம் இருந்தன. முதல் பத்தி கச்சிதமாக வந்தால்தான் அடுத்தது என்று ஒருவர், பல நாள் செலவழித்து அவிழ்க்க முடியாத சட்டகம் போட்டுவிட்டு எழுத நேரமில்லாமல் தவித்த இன்னொருவர். கட்டுரைக்கு ஏழெட்டு வரி போதும். அதற்கு மேல் போனால் சட்டகமே ஒத்திப்போடும் சாக்காகிவிடும்.

புதுச் சரக்குக்கு

கூடிப் பேசி எண்ணம் சேர்ப்பதை விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் பிரபலமாக்கினார். 1958-இல் யேல் பல்கலைக்கழகச் சோதனையிலேயே, தனித்தனியாக யோசித்தவர்களின் பட்டியலைச் சேர்த்தால் கூடிப் பேசியவர்களின் பட்டியலைவிட நீளம் என்று தெரிந்துவிட்டது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருப்பதில் எண்ணம் நழுவும். எனவே முதலில் தனியே பத்து நிமிடம், பின் கூட்டம்.

இப்போது எல்லோரும் ஏஐ-யிடம் கேட்கிறார்கள். 2024-இல் தோஷியும் ஹவுசரும் வெளியிட்ட ஆய்வில், ஏஐ தந்த எண்ணத்தோடு எழுதிய சிறுகதைகள் தனித்தனியே மேம்பட்டதாக மதிப்பிடப்பட்டன, ஆனால் அவை ஒன்றுபோல் ஒன்று இருந்தன. ஆகவே அதைத் தலைகீழாகப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். உங்கள் பத்து எண்ணங்களை முதலில் எழுதிவிட்டு, அதே தலைப்பில் அதனிடம் இருபது கேளுங்கள். இரண்டிலும் இருப்பவற்றை அடித்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் எஞ்சும் இரண்டு மூன்றுதான் உங்களுடையவை.

இவற்றையெல்லாம்விட நாம் அதிகம் நம்புவது கட்டுப்பாட்டை. "எதை வேண்டுமானாலும் எழுது" என்றால் கை நடுங்கும், ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்டால் புலவர் நிமிர்ந்து உட்காருவார். உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாட வேண்டும் என்ற நிரோட்டகம் நம் சித்திரகவியில் பழைய வகை. பிரெஞ்சில் மிக அதிகம் புழங்கும் எழுத்து ஒன்றே இல்லாமல் ஜார்ஜ் பெரெக் 1969-இல் ஒரு முழு நாவலையே வெளியிட்டார். அவ்வளவு போகவேண்டாம். ஒரு பக்கம், ஒரே ஒரு தடை: உரையாடல் மட்டும், அல்லது ஒரே அறை, அல்லது நீங்கள் அடிக்கடி சாய்ந்துகொள்ளும் சொல் ஒன்றுக்கு விலக்கு. இரண்டு தடைக்கு மேல் வைத்தால் புதிர் விடுவிக்கும் சுகம் வந்துவிடும், எழுத்து வராது. பக்கம் முடிந்தபின் தடையை நீக்கித் திரும்ப எழுதும்போது எது தாங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975-இல் வெளியிட்ட கட்டளைச் சீட்டுகள் இன்னொரு வகை: கண்ணை மூடி ஒரு சீட்டை எடு, அதில் உள்ளபடி செய். பாதி எழுதிய வேலைக்கு நன்றாக உதவும், வெற்றுத்தாளுக்கு உதவாது. பிடித்த சீட்டு வரும்வரை எடுத்துக்கொண்டே போனால் பிறகு சீட்டு எதற்கு?

நீண்டகாலத்துக்குக் குறிப்பேடுதான். அதுவும் எழுதும் விதத்தைப் பொறுத்தது. 'தனிமை', 'மழை' என்று தலைப்பாகக் குறித்தவை ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் செத்துக் கிடக்கும். 'மழை வந்ததும் குடையை மடக்கிய ஆள்' என்று ஒருவர் ஏதோ செய்வதாகக் குறித்தது ஆறு மாதம் கழிந்தும் ஏன் என்று கேட்கும். வாரம் ஒருமுறை புரட்டி, அப்படிக் கேட்காத வரிகளை அடித்துவிடுங்கள்.