அறுபது கேள்விகளில் ஓர் ஆளுமை: 16பெர்சனாலிட்டீஸ் சோதனை பற்றிய மதிப்பீடு

16பெர்சனாலிட்டீஸ் தளத்தின் இலவச ஆளுமைச் சோதனையை முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் போதும். புதிய நண்பர்களை அடிக்கடி சேர்த்துக்கொள்பவரா நாம் என்பது போன்ற 60 கூற்றுகள் வருகின்றன. ஒவ்வொன்றின் கீழும், முழு உடன்பாட்டுக்கும் முழு மறுப்புக்கும் இடையே ஏழு வட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நிரப்பியதும், பதினாறு வகைகளுள் நம்முடையதைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளும் (INFJ என்பது போல), ஒரு பட்டப்பெயரும், வண்ணச் சித்திரமும் கிடைக்கின்றன. அடிப்படை விளக்கத்தை இலவசமாகப் படிக்கலாம். விரிவான அறிக்கைக்குப் பணம் கட்ட வேண்டும்.

இந்த எழுத்துகளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய கருத்தை, உளவியலில் முறையான பயிற்சி பெறாத கேதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் கேள்வித்தாளாக வளர்த்தெடுத்தனர். எழுத்துகளை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட இந்தத் தளம், அளவிடுவதற்கு மட்டும் இன்றைய உளவியலாளர்கள் பெரிதும் ஏற்கும், ஆளுமையை ஐந்து பண்புகளின் ஏற்ற இறக்கமாக அளக்கும் ஐம்பெரும் பண்புகளின் (Big Five) வழியைப் பின்பற்றுவதாகத் தானே விளக்குகிறது. அதனால் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு விழுக்காடு வருகிறது. ஆனால் 51 விழுக்காடு உள்முகமானவரும் 95 விழுக்காடு உள்முகமானவரும் ஒரே எழுத்தின் கீழ் அடங்கிவிடுவதால், நடுக்கோட்டருகே நிற்பவர் அடுத்த வாரம் எழுதினால் வகையே மாறிப்போகலாம். ஆகவே எழுத்துகளை விட்டுவிட்டு விழுக்காடுகளை மட்டும் பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

விளக்கக் கட்டுரைகள் மிக நயமாக எழுதப்பட்டிருக்கின்றன. குறைகளைக்கூட மனம் நோகாமல் சொல்கின்றன. இங்கேதான் எச்சரிக்கை தேவை. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, தனித்தனி முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார். அவர்கள் அதன் துல்லியத்துக்கு அளித்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. அந்த வாசகங்களைக் கடையில் வாங்கிய ஒரு சோதிட நூலிலிருந்து அவர் திரட்டியிருந்தார் என்பது, நாட்காட்டித் தாளில் ராசிபலன் பார்த்துவிட்டுத் தலையசைக்கும் நமக்கு வியப்பளிக்காது. இத்தளம் எல்லோருக்கும் ஒரே விளக்கத்தைத் தருவதில்லை. ஆயினும் தனிமை பிடிக்கும் என்று நாம் சொன்னதையே அது நமக்குத் திருப்பிச் சொல்லும்போது, கண்டுபிடித்துவிட்டதாக நாம் மகிழ்கிறோம்.

திட்டமிடுதல் பற்றிய கூற்று வந்தபோது, வருமானவரிக் கணக்கை ஆண்டுதோறும் கடைசி நாள் இரவில் தாக்கல் செய்யும் நான், சற்றும் தயங்காமல் உடன்பாட்டு வட்டத்தைத் தொட்டேன். பிறகு ஓர் ஆர்வத்தில், என்னை மனத்தில் வைத்து அதே சோதனையை எழுதும்படி தங்கையிடம் கேட்டேன். என் ஒழுங்கைப் பற்றிய அவள் மதிப்பீடு என்னுடையதற்கு நேர் எதிராக இருந்தது. என்னைப் பற்றி நான் என்ன நம்ப விரும்புகிறேன் என்பது அந்த இடைவெளியில்தான் தெரிந்தது. கட்டண அறிக்கையைவிடச் செலவில்லாத இந்த முறை எனக்கு அதிகம் பயன்பட்டது.

முகநூல் வழியே உள்நுழையச் சொல்லும் வேறு வினாவிளையாட்டுகளை இதனோடு சேர்த்து எண்ண வேண்டாம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பிரிட்டிஷ் அரசியல் ஆலோசனை நிறுவனம் முகநூல் பயனர்களின் தகவல்களை அவர்கள் அனுமதியின்றிப் பெற்றதாக 2018-இல் வெளிப்பட்ட விவகாரத்தில், ஒரு ஆளுமை வினாச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் வெறும் 335 பேர். அவர்களுடைய நண்பர்களையும் சேர்த்து 5.62 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்திருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

பொழுதுபோக்காகவும், வீட்டில் ஒரு மாலைப் பேச்சுக்கும் 16பெர்சனாலிட்டீஸைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேலைக்கு ஆள் எடுக்க இதை நம்பக் கூடாது. ஆழமாக அறிய விரும்புபவர்கள் அதே ஐம்பெரும் பண்புகளை அளக்கும் ஐபிஐபி-நியோ (IPIP-NEO) என்ற இலவசச் சோதனையின் 120 கேள்விகள் கொண்ட வடிவத்தை எழுதிப் பார்க்கலாம். அதில் பட்டப்பெயரும் சித்திரமும் கிடையாது. உங்கள் வயதினரோடு ஒப்பிட்ட எண்களும் சுருக்கமான விளக்கங்களும்தான் வரும், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.