விர்டஸ்: 115 பிஎஸ் போதுமா, 150 வேண்டுமா?

புதுச்சேரியில் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் பெட்ரோல் கார் பார்க்கிறவர்கள் தடுமாறும் இடம் இன்ஜின்தான். இருப்பவை இரண்டு, இரண்டுமே டர்போ, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் வகை.

சக்தி
1.0 லிட்டர் டர்போ: 3 சிலிண்டர், 115 பிஎஸ் (குதிரைத்திறன்), 178 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை).
1.5 லிட்டர் டர்போ: 4 சிலிண்டர், 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் டார்க்.

ஊருக்குள்
நேரு வீதியில் சாயங்காலம் இரண்டும் ஒன்றுதான். ஸ்கூட்டர்காரர் நம்மை முந்திப் போய்விடுவார்!

வெளியே
வித்தியாசம் இங்கேதான். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டருக்குப் பின்னால், ஐந்து பேரும் ஏசியுமாக மாட்டிக்கொண்டால், 1.0-வில் கியரைக் குறைத்து, டர்போ விழிக்கும் வரை பொறுக்க வேண்டும். 1.5-இல் 1600 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 1600 இன்ஜின் சுற்று) முழு டார்க் கிடைக்கும். லேசாக மிதித்தாலே நகர்ந்துவிடும். பிஎஸ் எண்ணைவிட இந்த டார்க்கைத்தான் நான் பார்ப்பேன்.

பெட்ரோல்
1.5: நிதானமாகப் போகும்போது இரண்டு சிலிண்டரை அணைத்துக்கொள்ளும். விரட்டினால் குடிக்கும்.
1.0: அந்த வசதி இல்லை.

விலை
1.0 குறைவு.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தினமும் தனியாக ஆபீஸ் போகிறவருக்கு 1.0 தாராளம். மாதம் இருமுறை குடும்பத்தோடு மதுரை, கோவை என்று கிளம்புகிறவர் 1.5 எடுக்கலாம். மேனுவல் கியர் பிரியர் என்றால் 1.0-வையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், விரட்டி ஓட்ட அதுவும் ஜாலிதான்.