அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் தகராறு: அப்டேட்டை நீக்குவதா, மேலேயே மறுபடி போடுவதா?

அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்டார்ட் மெனு திறக்க மறுக்கிறது, தேடல் பெட்டி வெறுமையாக நிற்கிறது, செட்டிங்ஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது, அடுத்த அப்டேட்டோ பாதி தூரம் போய் ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று பின்வாங்குகிறது. இந்த இடத்தில் கையில் இருப்பவை நான்கு வழிகள். வந்த அப்டேட்டை நீக்கலாம். எதையும் அழிக்காமல் இருக்கிற விண்டோஸின் மேலேயே விண்டோஸை மறுபடி நிறுவலாம். ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுக்கலாம். ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போடலாம். டெஸ்க்டாப் வரை கணினி வருகிறது என்றால் என் தேர்வு இரண்டாவதுதான். அதற்கான காரணம் அடுத்த மாத அப்டேட்டில் இருக்கிறது; அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. ஒலி மட்டும் வரவில்லை, வைஃபை மட்டும் காணவில்லை, திரை மட்டும் மினுக்குகிறது என்றால் அது பெரும்பாலும் அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கோளாறு. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் ப்ராப்பர்டீஸ், டிரைவர் டேப், ‘ரோல் பேக் டிரைவர்’. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்பிப்போகப் பழைய டிரைவர் இல்லை என்று அர்த்தம். கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான டிரைவரை எடுத்துப் போடுங்கள். இதற்காக விண்டோஸில் கைவைக்க வேண்டாம்.

ரீசெட், ஃபார்மட் இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடலாம். ரீசெட்டில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று கொடுத்தால் ஃபைல்கள் மிஞ்சும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். எவை போயின என்ற பட்டியல் ஒன்றை டெஸ்க்டாப்பில் விட்டுவைக்கும், அவ்வளவுதான். கணக்கு மென்பொருள், ஸ்கேனர் மென்பொருள், லைசென்ஸ் சாவி கேட்கும் எல்லாவற்றையும் மறுபடி தேடிப் போட வேண்டும். போதாக்குறைக்கு 2025 ஆகஸ்ட் அப்டேட், விண்டோஸ் 10-இலும் விண்டோஸ் 11-இன் பழைய பதிப்புகளிலும் ரீசெட் வசதியையே முடக்கியது. ஆகஸ்ட் 19 அன்று தனி அப்டேட் விட்டுத்தான் சரிசெய்தார்கள். ஃபார்மட் என்பது வைரஸ் புகுந்த கணினிக்கும் டிஸ்க் மாற்றிய கணினிக்கும் உரியது. ஓர் அப்டேட் கெடுத்ததற்கு அது தேவையில்லை.

அப்டேட்டை நீக்குவது

இதன் பலம் வேகம். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கணினி திறக்காத நிலையிலும் இது கைகொடுக்கும்: தொடர்ந்து பூட் ஆகத் தவறினால் விண்டோஸ் தானாகவே ரெகவரி சூழலுக்குப் போகும், அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. மாதாந்திர அப்டேட் என்றால் குவாலிட்டி, பதிப்பே மாறியிருந்தால் ஃபீச்சர். டிஸ்க்கை மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்ட கணினியில் இங்கே 48 இலக்கச் சாவி கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று வேறொரு கருவியில் முன்பே பார்த்து எழுதி வையுங்கள்.

பழைய கட்டுரைகளைப் பார்த்து, அப்டேட்டைப் போடவும் நீக்கவும் உள்ள ‘வூசா’ (wusa) கட்டளையால் நீக்க முயல்பவர்கள் பிழைச் செய்தியில் மாட்டிக்கொள்வார்கள். இப்போதைய மாதாந்திர அப்டேட்டுக்குள் சர்வீசிங் ஸ்டாக் என்ற இன்னொரு பகுதியும் சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது. அதை நீக்க முடியாது என்பதால் மொத்தப் பொட்டலத்தையும் வூசா தொடாது. விண்டோஸிலேயே உள்ள பழுதுபார்ப்புக் கட்டளையான டிஸ்ம் (DISM) கருவியில் ‘கெட் பேக்கேஜஸ்’ கொடுத்து, வரும் பட்டியலில் உள்ள முழுப் பெயரை எடுத்து, ‘ரிமூவ் பேக்கேஜ்’ கொடுக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று விடுகிறது. அவை திரள் அப்டேட்டுகள்: இந்த மாதப் பொட்டலத்தில் போன மாதம், அதற்கு முந்தைய மாதம் என எல்லாத் திருத்தமும் உள்ளே இருக்கும். ஆகவே இன்று ஒன்றை நீக்கினால் நீக்கிய அதே பொருள் அடுத்த மாத இரண்டாம் செவ்வாயன்று வேறு எண்ணோடு திரும்பி வரும். அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ‘பாஸ் அப்டேட்ஸ்’ (Pause updates) கொடுக்காமல் நீக்கினால் அதுவரைகூடக் காத்திருக்காது. அடுத்த முறை விண்டோஸ் அப்டேட் தேடும்போதே மறுபடி போட்டுவிடும். பாஸ் செய்தாலும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 வாரம். அது முடிந்ததும் நிலுவையில் உள்ளதைப் போட்டால்தான் மறுபடி பாஸ் செய்ய விடும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோளாறு அப்டேட்டிலா, என் கணினியிலா?

அப்டேட்டில் என்றால் நீக்குவதே சரி. அடுத்த பொட்டலத்தில் மைக்ரோசாஃப்ட் திருத்தியிருக்கும், ஒரு மாதம் தள்ளிப்போட்டால் போதும். இதைக் கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்ட்டின் ‘ரிலீஸ் ஹெல்த்’ பக்கத்தில் உங்கள் பதிப்புக்குரிய தெரிந்த கோளாறுகளின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் அறிகுறி அங்கே இருந்தால், வேறு எதையும் செய்யாமல் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதும் வீண் இல்லை. பாதுகாப்பு சாராத சில திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் தன் பக்கமிருந்தே அணைத்துவிடும். ‘நோன் இஷ்யூ ரோல்பேக்’ என்று அதற்குப் பெயர். ரீஸ்டார்ட் செய்தால் அது சீக்கிரம் வந்து சேரும்.

கணினியில் என்றால் நீக்குவது வெறும் தவணை வாங்கும் வேலை. விண்டோஸின் எல்லாச் சிஸ்டம் ஃபைல்களுக்கும் மூலக் கிடங்காக வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறது. மின்சாரம் போனது, டிஸ்க் நிரம்பியது, ‘கிளீனர்’ மென்பொருள் எதையோ துடைத்தது என்று ஏதோ ஒரு காரணத்தால் அந்தக் கிடங்கில் ஓட்டை விழுந்திருந்தால், இந்த மாதம் தடுக்கியது போலவே அடுத்த மாதமும் தடுக்கும். பிழை எண்ணில் 80073712 என்று வந்தால் கிடங்கு பழுது என்று விண்டோஸே ஒப்புக்கொள்கிறது. 800எஃப்081எஃப் என்றால் தேவையான மூல ஃபைல் கிடைக்கவில்லை.

எண் எதுவும் வராவிட்டாலும் சோதித்துவிடலாம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் டிஸ்ம் கருவியின் ‘ஸ்கேன்ஹெல்த்’ கட்டளை. பழுது உண்டு என்று சொன்னால் அடுத்து ‘ரெஸ்டோர்ஹெல்த்’, அது முடிந்த பிறகே சிஸ்டம் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்யும் ‘எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்’ (sfc /scannow). வரிசை மாறக் கூடாது. எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பதே அந்தக் கிடங்கிலிருந்துதான், கிடங்கு கெட்டிருந்தால் அது எதை எடுத்து எதைச் சரிசெய்யும்? ரெஸ்டோர்ஹெல்த் 62.3 சதவீதத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்பது வழக்கம். விண்டோவை மூடிவிடாதீர்கள்.

ரெஸ்டோர்ஹெல்த் தோற்பதற்கும் தெளிவான காரணம் உண்டு. விடுபட்ட ஃபைலை அது விண்டோஸ் அப்டேட்டிடமிருந்துதான் கேட்கும். கெட்டுக் கிடப்பதோ விண்டோஸ் அப்டேட். விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைலான ஐஎஸ்ஓவை (ISO) மூலமாகக் காட்டலாம் என்றால், ஐஎஸ்ஓ வெளிவந்த பிறகு எத்தனையோ மாத அப்டேட் உங்கள் கணினியில் ஏறியிருக்கும். அது கேட்கும் பதிப்பு ஐஎஸ்ஓவில் இருக்காது. இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறத்தான் அடுத்த வழி.

மேலேயே மறுபடி நிறுவுவது

இது கிடங்கைத் தைக்கப் பார்க்காது, கிடங்கையே மாற்றிவிடும். புதிய விண்டோஸை வைத்து, உங்கள் ஃபைல், மென்பொருள், பயனர் கணக்கு, டிரைவர் எல்லாவற்றையும் அதற்குள் இடம்பெயர்க்கும். பிறகு அந்த மாத அப்டேட் ஆரோக்கியமான கிடங்கின்மேல் ஏறும். அடுத்த இரண்டாம் செவ்வாய்க்குப் பயப்படத் தேவையிருக்காது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை நாள்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று. புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே ஸ்டார்ட் மெனு ஒழுங்காகத் திறந்தால் கெட்டது உங்கள் ப்ரொஃபைல், விண்டோஸ் இல்லை. மறுபடி நிறுவினாலும் அந்தக் கெட்ட ப்ரொஃபைல் அப்படியே பெயர்ந்து வரும். அப்போது புதிய கணக்குக்கு மாறிக்கொள்வதே வழி.

தயாரிப்பு: முக்கிய ஃபைல்களுக்கு வெளியே ஒரு நகல். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலரது ஃபைல்களை அழித்து, வெளியீட்டையே நிறுத்தும்படி ஆனதை மறக்க வேண்டாம். சி டிரைவில் 30 ஜிபி இடம். வேறு நிறுவன ஆன்டிவைரஸ் இருந்தால் அணைத்தால் போதாது, நீக்கிவிடுங்கள். கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றுங்கள். பிட்லாக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்யுங்கள். மடிக்கணினி சார்ஜரில் இருக்கட்டும்.

ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, டபுள் கிளிக் செய்து மவுண்ட் செய்து, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருக்கும் ‘செட்அப்’பை இயக்க வேண்டும். யுஎஸ்பியிலிருந்து பூட் செய்தால் மென்பொருளைத் தக்கவைக்கும் வாய்ப்பே கிடைக்காது. அப்டேட் இறக்கலாமா என்று கேட்கும் திரையில் ‘இப்போது வேண்டாம்’ என்று கொடுங்கள்; கெட்ட அப்டேட்டை நடுவில் இழுத்துவர வேண்டியதில்லை.

கடைசியில் ‘ரெடி டு இன்ஸ்டால்’ என்று ஒரு திரை வரும். அதில் இரண்டு டிக் குறிகள்: எந்த விண்டோஸ் ஏறப்போகிறது, எது தக்கவைக்கப்படும். இரண்டாவது வரியில் ‘கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்’ என்று முழுதாக இருக்க வேண்டும். ‘ஃபைல்ஸ்’ என்று மட்டும் இருந்தாலோ ‘நத்திங்’ என்று இருந்தாலோ ‘இன்ஸ்டால்’ பொத்தானைத் தொடாதீர்கள். கீழே உள்ள மாற்றும் இணைப்பில் போய்ப் பாருங்கள். ஆப்ஸ் வாய்ப்பு மங்கலாக இருந்தால் மூன்றில் ஒன்று தவறு. எடிஷன் (ஹோம், ப்ரோ போன்றவை) பொருந்தவில்லை. ஐஎஸ்ஓ பழைய பதிப்பு. 24எச்2 ஓடும் கணினிக்கு 23எச்2 செல்லாது. அல்லது மொழி. பலர் இடறுவது இந்த மொழியில்தான்: மைக்ரோசாஃப்ட் பட்டியலில் ‘இங்கிலீஷ்’ வேறு, ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ வேறு. முன்னது அமெரிக்க ஆங்கிலம், பின்னது பிரிட்டிஷ். செட்டிங்ஸில் காட்டும் மொழியை நம்பாமல், டிஸ்ம் கருவியின் ‘கெட் இன்டில்’ கட்டளை காட்டும் இயல்புநிலைச் சிஸ்டம் மொழியைப் பார்த்து அதே ஐஎஸ்ஓவை இறக்குங்கள்.

பாதியில் நின்று சி1900101 என்று தொடங்கும் எண் வந்தால் குறுக்கே நிற்பது ஏதோ ஒரு டிரைவர். பழைய விபிஎன், விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள், என்றோ நீக்கிய ஆன்டிவைரஸின் மிச்சம் ஆகியவற்றைக் களைந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ‘செட்அப்டயாக்’ கருவி எந்த இடத்தில் நின்றது என்று சொல்லும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி பகுதியில் ‘ரீஇன்ஸ்டால் நவ்’ என்று இதே வேலையைச் செய்யும் பொத்தான் உண்டு. ஐஎஸ்ஓ தேடும் அலைச்சல் இல்லை. ஆனால் அதுவும் விண்டோஸ் அப்டேட்டை நம்பியே ஓடுகிறது; அப்டேட்டே கெட்டிருக்கும்போது அதற்கு ஐஎஸ்ஓ மேல். ஆர்ம் சிப் மடிக்கணினிகளில் மட்டும் என் பழக்கம் குறைவு என்பதால் இந்தச் சாய்வை அங்கே அழுத்திச் சொல்லமாட்டேன். அவற்றுக்கு ஆர்ம்64 ஐஎஸ்ஓதான் பொருந்தும் என்பதை மட்டும் கவனியுங்கள். அலுவலகம் நிர்வகிக்கும் கணினி என்றால் எதையும் தொடுமுன் நிர்வாகியிடம் கேளுங்கள்.

இந்த வழியின் ஒரே பெரிய குறை, டெஸ்க்டாப் வராத கணினிக்கு இது உதவாது. அங்கே முதலில் ரெகவரி சூழலில் அப்டேட்டை நீக்கி, டெஸ்க்டாப்புக்கு வந்து, பிறகு இதைச் செய்ய வேண்டும். அந்த ரெகவரி சூழலும் எப்போதும் நம்பத்தக்கது என்று சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி5066835 அப்டேட், ரெகவரியில் யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் வேலைசெய்யாமல் ஆக்கியது. 20ஆம் தேதி கேபி5070773 வந்த பிறகே சரியானது. வேறொரு கணினியில் தயாரித்த விண்டோஸ் யுஎஸ்பி கையில் இருந்தால், அதிலிருந்து பூட் செய்து ‘ரிப்பேர்’ வழியாக உள்ளே போகலாம்.

நிறுவி முடிந்ததும் சில வேலைகள். பழைய ரெஸ்டோர் பாயிண்டுகள் போய்விட்டிருக்கும், புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள். பழைய விண்டோஸ் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரில் 10 நாள் மட்டுமே இருக்கும், அதன்பின் தானாக அழிந்து திரும்பிப்போகும் வழி அடைபடும். இடம் இருந்தால் அந்த 10 நாளுக்குள்ளேயே டிஸ்ம் கருவியின் ‘செட் ஓஎஸ் அன்இன்ஸ்டால் விண்டோ’ கட்டளையில் 60 என்று கொடுத்து அவகாசத்தை நீட்டுங்கள். அடுத்த இரண்டாம் செவ்வாயின் அப்டேட் தடுக்காமல் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு, டிஸ்க் கிளீனப்பில் அந்த ஃபோல்டரை அழித்துக்கொள்ளலாம்.