ஏழு வருடமாக எங்கள் ஷெட்டில் இன்வார்: எங்கே உதவியது, எங்கே கவிழ்த்தது

ஓசூர் சிப்காட் பக்கத்தில் சின்ன டூல் ரூம் வைத்திருக்கிறேன். ஓசூர் என்றாலே குளிர் என்பார்கள். ஆனால் தகர ஷெட்டுக்குள் மார்கழிக் காலையில் 17 டிகிரி, சித்திரை மதியம் 35 டிகிரி. மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பார்த்து வேலை செய்கிற எங்களுக்கு இது பெரிய தொல்லை. சூட்டில் அதிகம் நீளாத இன்வார் என்ற உலோகக் கலவையை வாங்கியதே அதற்காகத்தான்.

இது 36 சதவீதம் நிக்கல், மீதி ஏறக்குறைய முழுக்க இரும்பு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் ஸ்டீல் சுமார் 115 மைக்ரான் நீளும், அலுமினியம் 230. இன்வார் 12, 13 மைக்ரானோடு நின்றுவிடும். சூட்டில் அணுக்கள் விலகுவது இதிலும் உண்டு. கூடவே காந்தத்தன்மை குறைகிறது, அந்தக் குறைவு உலோகத்தைச் சுருக்கப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகின்றன. 200 டிகிரிக்கு மேல் போகப் போக இந்தக் குணம் கைவிட்டுவிடும். 1896-இல் இதைக் கண்டறிந்த சுவிஸ் இயற்பியலாளர் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். முழுத் தகுதியான பரிசு.

சரி, நான் பட்ட அடியைச் சொல்கிறேன். ஸ்டீல் ஷாஃப்ட் நீளம் பார்க்க 300 மி.மீ. செட்டிங் மாஸ்டரை, அதாவது ஒப்பிட்டு அளக்க வைத்துக்கொள்ளும் மாதிரித் துண்டை, இன்வாரில் செய்தேன். நீளாத மாஸ்டர், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். மதியம் ஆனதும் ஷாஃப்ட் எல்லாம் 40 மைக்ரானுக்கு மேல் கூடுதலாகக் காட்டின. மெஷினில் ஆஃப்செட்டை (வெட்டும் அளவின் திருத்தத்தை) குறைத்து ஓட்டினோம். வாடிக்கையாளர் 20 டிகிரி அறையில் வைத்து அளந்தபோது அத்தனையும் குட்டை. லாட் முழுக்கத் திரும்பி வந்தது. ஸ்டீல் மாஸ்டராக இருந்திருந்தால் ஷாஃப்ட்டோடு சேர்ந்து அதுவும் நீண்டிருக்கும், பிழை தானே அடிபட்டுப் போயிருக்கும். ஸ்டீலை அளக்க ஸ்டீல் மாஸ்டர்தான். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

இன்வார் தன் அருமையைக் காட்டியது, கேமராவால் ஜாபை (வேலைத் துண்டை) அளக்கும் ஸ்டாண்டில். இரண்டு கேமராக்களுக்கு நடுவே 600 மி.மீ. அலுமினியச் சட்டம் இருந்தது. விளக்குச் சூட்டில் அது எப்போது எவ்வளவு நீளும் என்று பிடிபடவே இல்லை. அதை இன்வாருக்கு மாற்றிய பிறகு சட்டத்தை மறந்தே போனோம். ஜாபின் சூட்டை மட்டும் பார்த்துக் கணக்கில் கழித்துக்கொள்கிறோம். கார்பன் ஃபைபர் அச்சுகளை இன்வாரில் கேட்பதும் இதே காரணத்துக்குத்தான். அந்த ஃபைபரும் சூட்டில் அநேகமாக நீளாது, அச்சும் அதற்கு இணையாக இருக்க வேண்டும்.

வெட்டுவது சுலபமில்லை. ஸ்டெயின்லெஸ் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும், சூட்டை வெளியே விடாது. கூரான இன்செர்ட் (டூலின் வெட்டுமுனை), குறைந்த வேகம், தாராளமாகக் கூலண்ட். டூல் ஒரே இடத்தில் உரசி நின்றால் அந்த இடம் இறுகிவிடும். ரஃப் வெட்டு முடிந்ததும் 315 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, அப்புறம்தான் ஃபினிஷ். அவசர ஆர்டர் ஒன்றில் இதை விட்டுவிட்டோம், ஒரு வாரத்தில் பிளேட் வளைந்துவிட்டது. நிக்கல் இவ்வளவு இருக்கிறதே, காந்தம் பிடிக்காதோ என்று பயந்தேன். கிரைண்டர் மேக்னட் சக்கில் நன்றாகவே உட்காருகிறது.

துருவும் பிடிக்கும். வெறுங்கையால் தொட்டு வைத்தால் மழைக்காலத்தில் விரல் தடம் அப்படியே செம்மண் நிறத்தில் தெரியும். எண்ணெய் தடவி வையுங்கள். விலை அதிகம் என்பதால் சிப்ஸையும் தனி டின்னில் சேருங்கள். இரும்பு ஸ்கிராப்போடு கலந்துவிட்டால் நிக்கலுக்கு உரிய காசு கிடைக்காது.