தோட்டத்துச் சாளைக்கு ஒரு சின்னக் கைத்துப்பாக்கி: நிர்பீக்கா, பிரபலா, அஷானியா?

நான் வாங்கியது பிரபல் ரிவால்வர். நிர்பீக் ரிவால்வர், அஷானி பிஸ்டல் இரண்டையும் கையில் எடுத்து, விசையை இழுத்துப் பார்த்து, கடைக்காரரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். இப்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் போன் போட்டு "ஏனுங்க்கா, எதை வாங்கறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட, விவரமாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

எங்கள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, வெள்ளக்கோவில் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில். பக்கத்துச் சாளைக்குச் சத்தம் போட்டால் கேட்காது. வீட்டுக்காரர் லாரி எடுத்துப் போனால் வீட்டில் நானும் அத்தையும் பிள்ளைகளும்தான். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே தோட்டத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இல் சிவகிரி பக்கம் வயதான தம்பதியைக் கொன்றார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊரில் நாலு பேர் கூடினால் துப்பாக்கி லைசென்ஸ் பேச்சுதான். பயம் நியாயமானது. ஆனால் பயத்தில் கடைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவதை, அதுவும் எடை குறைந்ததை, வாங்கிவிடுகிறார். அதில்தான் எனக்கு ஆட்சேபம்.

முதலில் ஒரு விஷயம். துப்பாக்கி கடைசி அரண். நாய், காம்பவுண்டு, கட்டுத்தறி வரைக்கும் வெளிச்சம் அடிக்கிற விளக்கு, உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள், கேமரா, இவையெல்லாம் இல்லாமல் ரிவால்வர் மட்டும் வாங்கினால் ஆள் படுக்கையறை வாசலுக்கு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அப்போது பீரோவைத் திறந்து எடுக்க நேரம் இருக்காது.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாக. மாவட்டத்தில் கலெக்டர், கோவை, திருப்பூர் மாதிரி மாநகரங்களில் போலீஸ் கமிஷனர். 21 வயது ஆகியிருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து இருப்பதை எடுத்துக் காட்ட வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி முடித்த எஸ்-1 சான்றிதழும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். கேட்ட எல்லோருக்கும் கிடைத்துவிடாது. கிடைத்தவர்களுக்காகத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு 9 எம்.எம். பிஸ்டல் கேட்டுக் கடைக்குப் போகாதீர்கள். நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட ரகம், பொதுமக்களுக்குக் கிடையாது. நமக்குப் பெரும்பாலும் .32 அங்குல அளவுதான். அதிலும் இரண்டு தோட்டா இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ரிவால்வருக்கு .32 லாங், விளிம்பு வைத்த நீளத் தோட்டா. பிஸ்டலுக்கு .32 ஏ.சி.பி., அதையே 7.65 என்றும் சொல்வார்கள். ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் போடக்கூடாது. இரண்டுக்கும் 9 எம்.எம். தோட்டாவில் பாதி ஆற்றல்கூட இராது. சுட்டால் ஆள் அப்படியே தூக்கி எறியப்படுவான் என்று நினைப்பதெல்லாம் சினிமா. இந்த அளவுத் தோட்டாவில் படுகிற இடம்தான் முக்கியம். படுகிற இடம் உங்கள் கை ஆடாமல் இருப்பதைப் பொறுத்தது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்ததெல்லாம் இதை வைத்துத்தான்.

சரி, நிர்பீக். 2014 ஜனவரியில் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரியிலிருந்து வந்தது. 2012இல் டெல்லியில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கான ரிவால்வர் என்று சொல்லியே கொண்டுவந்தார்கள். டைட்டானியம் கலந்த உலோகம், எடை சுமார் 500 கிராம், 6 தோட்டா, வந்தபோது விலை 1.22 லட்சத்தை ஒட்டி இருந்தது. கையில் எடுத்தால் நிஜமாகவே லேசு. அத்தையிடம் படத்தைக் காட்டி எடையைச் சொன்னதும் "ஏனம்மணி, எடை கொறைஞ்சதையே எடுத்துப்போடு, உன் கைக்கு அதுதான் தாங்கும்" என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் துப்பாக்கியில் கணக்கு வேறு. ஒரே தோட்டாவைச் சுடும்போது எடை குறைந்த துப்பாக்கி கையில் அதிகமாக உதைக்கும், முனை மேலே துள்ளும், அடுத்த குறிக்கு வர நேரமாகும். .32 லாங் மென்மையான தோட்டா என்பதால் நிர்பீக்கில் கை வலிக்கிற அளவுக்கு உதை இருக்காது, இருந்தாலும் வித்தியாசம் தெரியும். நாள் முழுக்க இடுப்பில் சுமக்க வேண்டியவருக்கு 500 கிராம் பெரிய வரம், வியர்வைக்கு டைட்டானியம் துருவும் பிடிக்காது. அப்படிச் சுமக்கிறவருக்கு நிர்பீக்கைத் தாராளமாகச் சொல்வேன். எனக்கு முக்கால்வாசி நேரம் வீட்டில்தான் தேவை. பிரபல் இதைவிட 175 கிராம் கூட, ஆனால் பெட்டியில் இருக்கிற துப்பாக்கிக்கு அது கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இதைவிட முக்கியம் திறக்கிற விதம். நிர்பீக்கும் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் பழைய ஐ.ஓ.எஃப். .32 ரிவால்வரும் நடுவில் மடிகிற வகை. ஹேமருக்கு (தோட்டாவை அடிக்கிற சுத்தி) பக்கத்தில் இருக்கிற கொக்கியைத் தள்ளிப் பேரலை (குழல்) கீழே மடக்கினால் சிலிண்டரின் (தோட்டா வைக்கிற உருளை) பின்பக்கம் மேலே வந்து, சுட்ட கூடுகள் ஆறும் ஒன்றாக எழும்பி விழும். மாமனார் காலத்து டபுள் பேரல் துப்பாக்கியைத் திறந்து பழகிய வீடுகளுக்கு இது சட்டென்று கைவந்துவிடும். பிரபல் அப்படி இல்லை. 2023 ஆகஸ்டில் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற அரசு ஆயுத நிறுவனம் கொண்டுவந்தது, கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரியில் செய்வது. பக்கவாட்டில் இருக்கிற பொத்தானைத் தள்ளினால் சிலிண்டர் இடது பக்கம் கதவு மாதிரி வெளியே வரும். துப்பாக்கியின் உடல் (ஃபிரேம்) ஒரே துண்டாக இருக்கிறது, மடிகிற மூட்டு என்று ஒன்று கிடையாது. நிரம்பியிருக்கிறதா காலியா என்று பார்க்க முழுத் துப்பாக்கியையும் இரண்டாக மடக்க வேண்டியதில்லை, சிலிண்டரை மட்டும் தள்ளி ஆறு ஓட்டையையும் விரலால் தடவிப் பார்க்கலாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வைக்கும்போதும் இதைச் செய்கிறோம், கரண்ட் போன இருட்டிலும் செய்கிறோம். நான் பிரபலை எடுத்ததற்கு முதல் காரணம் இதுதான்.

பிரபலின் எடை தோட்டா இல்லாமல் 675 கிராம், பேரல் 76 மில்லிமீட்டர், முழு நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. 50 மீட்டர் வரை சுடலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி யாரும் 50 மீட்டரில் குறி வைக்க வேண்டாம். மூன்று அங்குலப் பேரலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி, விரல் கொஞ்சம் இழுத்தாலும் தூரத்தில் அடி கணக்கில் விலகும். உயிருக்கு ஆபத்து என்று சொல்லக்கூடிய தூரம் வாசலிலிருந்து திண்ணை வரைக்கும்தான், அதாவது ஐந்தாறு மீட்டர். நான் பழகுவதும் அந்தத் தூரத்தில்தான்.

கடையில் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அனுமதி கேட்டு, காலி என்று நீங்களே திறந்து பார்த்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் திருப்பி, ஹேமரைப் பின்னால் இழுக்காமல் விசையை மட்டும் முழுதாக இழுங்கள். ரிவால்வரில் இப்படி இழுக்கும்போது விசையே சிலிண்டரையும் சுழற்றி ஹேமரையும் தூக்க வேண்டும், அதனால் கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் ரிவால்வரின் பாதுகாப்பும், தெரியாமல் விரல் பட்டால் எளிதில் வெடிக்காது. ஆனால் உங்கள் விரல் அதை இழுத்து முடிப்பதற்குள் முனை எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். சிலர் முன்குறிக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள், காசு விழாமல் இருந்தால் அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்கு ஆகும். மண்வெட்டி பிடிக்கிற கை, பால் கறக்கிற கை என்றாலும் இது வேறு விரல், வேறு பலம். பத்துப் பதினைந்து தடவை தொடர்ந்து இழுங்கள், கடைசியில் எப்படி ஆடுகிறது என்பதுதான் கணக்கு. நான் முதலில் போன ஒரு கடையில் "லேடீஸுக்கு இதுதாங்க" என்று பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, இழுத்துப் பார்க்க விடமாட்டேன் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து, உயிரை நம்பி வாங்குகிற பொருளைத் தொட்டுப் பார்க்க விடாத இடத்தில் எதற்கு வாங்க வேண்டும்?

அஷானி பிஸ்டல் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். தட்டையாக இருப்பதால் உடைக்குள் மறைவதில் எந்த ரிவால்வரும் அதற்குப் பக்கத்தில் வராது. ரிவால்வரின் சிலிண்டர் எப்படியும் இடுப்பில் புடைத்துத் தெரியும். ஆனால் பிஸ்டலுக்கு மேல்பகுதியை ஸ்பிரிங்கோடு பின்னால் இழுக்கிற பலம் வேண்டும், மேகசினை (தோட்டா அடுக்குகிற கூடு) கழற்றிய பிறகும் உள்ளே ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பதை மறக்காத பழக்கம் வேண்டும், சுட்டது வெடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரிவால்வரில் வெடிக்கவில்லையா, மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். மாதம் தவறாமல் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுகிற இடம்) போகிறவர் அஷானி வாங்கலாம். அவ்வளவு போக முடியாதவர் ரிவால்வர் வாங்குங்கள். ஈசாப்பூரில் செய்கிற நிடர் என்ற .22 ரிவால்வர், 250 கிராம்தான், அதையும் சிலர் கேட்கிறார்கள். .22 சின்னத் தோட்டா, பற்றவைக்கிற மருந்தை விளிம்பில் வைத்தது, வெடிக்காமல் போகிற வாய்ப்பு .32ஐவிட அதிகம். தற்காப்புக்கு வேறு வழியே இல்லை என்றால்தான் அது.

வெளியே எடுத்துப் போவது பற்றி நிறையத் தப்பான பேச்சு இருக்கிறது. தெரியும்படி மாட்டிக்கொண்டு போனால்தான் பயப்படுவான் என்கிறார்கள். 2016 விதி நேர்மாறாகச் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு மாட்டிய உறையில் அல்லது முதுகுப்பை மாதிரியான பையில் இருக்க வேண்டும், முழுதாக மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதனால் வேட்டி மடிப்பில் செருகுவது, பச்சைப் பெல்ட்டின் காசுப் பையில் திணிப்பது, இரண்டும் கூடாது. விசையை மூடுகிற கெட்டியான உறை இல்லாவிட்டால் அது ஆபத்தும்கூட. பெண்களுக்குக் கைப்பை வசதி என்பார்கள். பஸ்ஸில் பையைப் பக்கத்து சீட்டில் வைப்போம், கல்யாண வீட்டில் யாரிடமாவது கொடுத்து வைப்போம், அதற்குள் துப்பாக்கி இருந்தால் அது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? சேலைக்கு எனக்குத் தெரிந்து நல்ல வழி ஒன்றுதான். தோட்டத்து வேலைக்குச் சேலைக்கு மேல் சட்டை போடுகிறோம் அல்லவா, அதற்கு உள்ளே அகலமான கெட்டிப் பெல்ட்டில் தோல் உறை. சட்டை இறங்கி மூடிவிடும். சுடிதாருக்கும் அதேதான், டாப்ஸ் கொஞ்சம் தொளதொளப்பாக இருக்க வேண்டும். துணியாலான எலாஸ்டிக் பட்டையை மட்டும் நம்பாதீர்கள், துணிக்கு மேலேயே விசையை அழுத்திவிட முடியும். கல்யாணம், நோம்பிக்கு எடுத்துப் போகவே வேண்டாம். கூட்டத்தில் வெடிச் சத்தத்துக்காக மேலே சுட்டால்கூட 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட.

சட்டத்தில் தற்காப்பு உரிமை உண்டு, பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை அதுதான். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளியும் கூடாது என்கிறது. தேங்காய் திருடுகிறவனை, ஓடுகிறவனை, மோட்டார் ஒயரை அறுக்கிறவனைச் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளி. உயிர் போகும், கொடுங்காயம் ஆகும் என்பது மாதிரி, சட்டம் சொல்கிற நிலை வேண்டும். லைசென்ஸ் வாங்கப் போகிறவர் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து இதை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

பராமரிப்புக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், எங்கள் பக்கம் இதை நிறையப் பேர் செய்வதால். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும், நாளாக நாளாகப் பிசுபிசுத்து உள்ளே புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் சின்ன பாட்டில் கடையிலேயே கிடைக்கும், இடுப்பில் வைத்துச் சுமந்த அன்று வியர்வையைத் துடைத்து ஒரு சொட்டுப் போட்டால் போதும். வீட்டில் இழுத்துப் பழக டம்மி தோட்டா வாங்கிக்கொள்ளுங்கள். நிஜத் தோட்டாவில் பழகுவது ரேஞ்சில் மட்டும், தோப்பில் மட்டையை நிறுத்திச் சுடுகிற வேலை வேண்டாம்.

பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள், சுவரில் போல்ட் போட்டு மாட்டுகிற வகையாக இருக்கட்டும். வாங்கும்போது துப்பாக்கியில் வெட்டியிருக்கிற எண்ணும் பில்லில் இருக்கிற எண்ணும் லைசென்ஸில் ஏறுகிற எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது எண் எழுதிய ரசீது கேட்டு வாங்குங்கள், திரும்பி வரும்போது சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.