ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவி: நீண்ட நாள் பயன்பாட்டில் கடிகாரம் எப்படி?

பறவை, தவளை, வௌவால் கணக்கெடுப்புகளில் தன்னார்வலர்கள் கையில் அதிகம் புழங்கும் கருவி ஆடியோமாத். 2017 முதல் கிடைக்கிறது. மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பலகை, அவ்வளவுதான். திரை கிடையாது. ஆகவே உள்ளே கடிகாரம் என்ன மணி காட்டுகிறது என்பது களத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஒலித் தரம், பேட்டரி ஆயுள் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பல கருவிகளைப் பல பருவங்களில் ஓட்டிப் பார்த்த அளவில், தரவு வீணாவது பெரும்பாலும் நேரக் குழப்பத்தால்தான். அதிலும் கடிகாரம் தானாகக் கெடுவது அபூர்வம். பேட்டரி மாற்றும் விதமும் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கும்தான் காலை வாருகின்றன.

நேரம் வைக்க மூன்று வழி. கணினியில் ஆடியோமாத் கான்ஃபிகரேஷன் செயலியைத் திறந்து, சுவிட்சை யூஎஸ்பி/ஆஃப் நிலையில் வைத்து, மைக்ரோ யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அமைப்புகளை ஏற்றினால், எப்போதெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்ற அட்டவணையோடு நேரமும் போய்ச் சேரும். அட்டவணை ஏற்கெனவே சரியாக இருந்து நேரம் மட்டும் போயிருந்தால் டைம் ஆப் என்ற சின்னச் செயலியே போதும். அவசரத்தில் பெரிய செயலியைத் திறந்து, அதில் கிடக்கும் பழைய அட்டவணையை மேலே ஏற்றிவிடும் ஆபத்து இதில் இல்லை. மூன்றாவது வழி, கைப்பேசியிலுள்ள சைம் செயலி எழுப்பும் ஒலியாலேயே நேரத்தைச் சொல்வது. காட்டுக்குள் மடிக்கணினி தூக்கிப் போக முடியாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் சில்வண்டு கத்தும் சோலையிலும் ஓடைக் கரையிலும் ஒரே முறையில் பிடிக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். கைப்பேசியின் ஒலியை முழுதாகக் கூட்டி, ஸ்பீக்கரை மைக் துளைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பிடியுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் இணைந்திருந்தால் துண்டித்துவிடுங்கள். கருவிக்குப் போக வேண்டிய ஒலி காதுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கணினி கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். பழைய கைப்பேசிகளோடு வந்த கேபிள்கள் பல, சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படுபவை. தரவுக் கம்பி இருக்காது. அடுத்தது கணினியின் நேரம். செயலி கணினியின் கடிகாரத்தை அப்படியே நம்புகிறது. இணையம் இல்லாமல் பல நாள் கிடந்த மடிக்கணினி சில நிமிடம் பிந்தியிருக்கலாம். மதர்போர்டின் காசு பேட்டரி செத்திருந்தால் ஆண்டே மாறியிருக்கும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, தேதி நேர அமைப்பில் ஒருமுறை ஒத்திசைத்துவிட்டு அப்புறம் கருவியைச் செருகுங்கள்.

இன்னொன்று: நேரம் வைக்கும்போது பேட்டரிகள் கருவிக்குள் இருக்க வேண்டும். வெறும் யூஎஸ்பி மின்சாரத்தில் நேரம் வைத்துவிட்டுக் கேபிளைப் பிடுங்கினால் நேரமும் போய்விடும். பேட்டரிக் கவ்விகளும் அப்படியே. மலைப்பாதையில் பைக்கில் போகும்போது ஒரு பேட்டரி இம்மியளவு நகர்ந்தாலும் தொடர்பு அறுந்து நேரம் அழியலாம். பேட்டரிகளுக்கு மேல் ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. மழைக்காலத்தில் கவ்வி முனைகளில் பூக்கும் பச்சைக் களிம்பைத் துடைத்து வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும்.

பேட்டரி மாற்றுவதுதான் கண்டம். முதலில் யூஎஸ்பி/ஆஃப் நிலைக்குத் தள்ளிவிட்டு, பவர் பேங்கைச் செருகி, பிறகு பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இவ்வளவு குறைந்த மின்சாரம் இழுக்கும் கருவியைப் பார்த்துச் சில பவர் பேங்குகள் தாமே அணைந்துகொள்ளும். எனவே மாற்றிய பின் சோதிப்பதை விட முடியாது. சுவிட்சை கஸ்டம் நிலைக்கு, அதாவது அட்டவணைப்படி பதிவு செய்யும் நிலைக்கு, தள்ளும்போது சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்து மினுக்கினால் பெரும்பாலும் நேரம் போய்விட்டது என்று பொருள். அட்டைக் கோளாறுக்கும் இதே சைகை வரும் என்பதால் அட்டையையும் ஒருமுறை கழற்றிப் போட்டுப் பாருங்கள். அட்டவணை பாராமல் உடனே பதிவைத் தொடங்கும் டிஃபால்ட் நிலை இந்த எச்சரிக்கையைத் தராது. நேரம் இல்லாவிட்டாலும் பதிவு செய்துகொண்டே போகும், 1970 ஜனவரி 1 என்ற தேதியில்.

இனி யூடிசி. கருவி கோப்புக்குப் பெயர் வைப்பது தேதி, அடிக்கோடு, நேரம் என்ற வரிசையில். இயல்பாக அது யூடிசி நேரம். இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். இது கூட்டல் கணக்கு மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. சிக்கல், நமக்கு வேண்டிய விடியற்காலைப் பொழுதுக்கு நடுவிலேயே யூடிசியின் தேதி மாறுகிறது. மார்ச் 16 காலை 5:15 மணிக்குத் தொடங்கும் பதிவின் பெயர் 20240315_234500. அடுத்த பதினைந்தாவது நிமிடம், 5:30க்கு, அது 20240316_000000 ஆகிவிடும். தேதிவாரியாகக் கோப்புறை பிரித்தால் ஒரே விடியல் இரண்டு நாளாக உடைகிறது. இலங்கைக்கும் இதே 5:30தான். சிங்கப்பூர், மலேசியாவில் 8 மணி நேரம் என்பதால் காலை ஏழு மணிப் பதிவுகூட முந்தைய தேதியில் கிடக்கும்.

செயலியில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் அது பெரிய தொல்லை தராது. இருந்தும் எங்கள் ஓட்டு யூடிசிக்கே. காரணம், கோப்பின் பெயரில் எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு இருக்காது. அது வேவ் கோப்பின் தலைப்பகுதியில் மட்டும், கருவி எண், பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றோடு எழுதப்படுகிறது. கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் காமென்ட் என்ற வரியில் பார்க்கலாம். ஒரு துண்டை வெட்டிச் சேமிக்கும்போது அந்த வரி காணாமல் போவது சகஜம். அப்புறம் பெயர் ஒன்றே சாட்சி. பத்துப் பேர் சேர்ந்த திட்டத்தில் இருவர் மட்டும் உள்ளூர் நேரத்தில் வைத்திருந்தால் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கோப்பு மேலாளர் காட்டும் ‘மாற்றப்பட்ட நேர’த்தையும் நம்ப வேண்டாம். எஸ்டி அட்டைகளில் வழக்கமான ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் நேர மண்டலமே பதிவாகாது.

யூடிசியிலிருந்து உள்ளூர் நேரத்துக்கு மாற்றியது சரியா என்பதைப் பறவைகளே சொல்லிவிடும். குளிர்காலப் பட்டியலில், காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கூவும் ஆறுமணிக்குருவியின் குரல் நள்ளிரவு 12:30ஐ ஒட்டியும் நண்பகல் 12:30ஐ ஒட்டியும் குவிந்து நின்றால், யாரோ 5:30ஐக் கூட்ட மறந்திருக்கிறார். தேதி தவறினால் விளைவு வேறு மாதிரி. குரலைக் கொண்டு பறவையை இனங்காணும் பேர்ட்நெட் போன்ற மென்பொருள், இடத்தையும் ஆண்டின் எந்த வாரம் என்பதையும் கொடுத்தால் அப்போது அங்கே இருக்க வாய்ப்பில்லாத இனங்களை ஒதுக்கிவிடும். ஜூலைப் பதிவுக்கு ஜனவரி வாரத்தைக் கொடுத்தால் வலசைப் பறவைகள் முடிவில் வந்து நிற்கும்.

ஓட்டப் பிழை, அதாவது கடிகாரம் நாளாவட்டத்தில் முந்துவது அல்லது பிந்துவது பற்றி: இத்தகைய கருவிகளின் கடிகாரம் 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடுவது. இந்த வகைப் படிகங்களில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை பிழை சகஜம். அதாவது நாளுக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு 52 வினாடி வரை. படிகம் 25 டிகிரியை ஒட்டித்தான் வேகமாக ஓடும். அதைவிடக் குளிர்ந்தாலும் பிந்தும், சூடேறினாலும் பிந்தும். 5 டிகிரி குளிர்க் காலையிலும் 45 டிகிரி வெயில் பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான், நாளுக்கு 1.2 வினாடி என்ற விகிதத்தில். கருவியை நிழலில் கட்டுவது மைக்குக்கு மட்டுமல்ல, கடிகாரத்துக்கும் நல்லது.

எந்தப் பறவை எப்போது கூவியது என்பதற்கு ஒரு நிமிடப் பிழை பொருட்டே இல்லை. அக்கம்பக்கத்துக் கருவிகளில் விழுந்தது ஒரே குரலா என்று பார்க்க இரண்டு மூன்று வினாடிக்குள் வர வேண்டும். குரல் வந்த இடத்தைக் கணிப்பது தனி உலகம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போவதால் நூறில் ஒரு வினாடி தவறினாலே 3.4 மீட்டர் தள்ளிப்போகும். அதற்கு ஜிபிஎஸ் இணைப்பும் அதற்கான ஃபர்ம்வேரும் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) வேண்டும். சாதாரணக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள்.

நடுவிலுள்ள தேவைக்கு நேரச் சாட்சி போதும். கருவியைக் கட்டியதும் டிஃபால்ட் நிலைக்குத் தள்ளுங்கள். அட்டவணைக்குக் காத்திராமல் பதிவு தொடங்கும். சிவப்பு விளக்கு மினுக்கும்போது கைப்பேசியில் வினாடி காட்டும் கடிகாரத்தைப் பார்த்து, இடத்தின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் உரக்கச் சொல்லி, வினாடி முள் பன்னிரண்டைத் தொடும்போது ஒரு கைத்தட்டு. பிறகு கஸ்டம். கழற்றும் நாளில் பேட்டரியைத் தொடும் முன் இதையே திரும்பச் செய்யுங்கள். 30 நாளில் கருவி 42 வினாடி பிந்தியிருந்தால் நாளுக்கு 1.4 வினாடி, பத்தாம் நாள் பதிவுக்கு 14 வினாடி கூட்டினால் தீர்ந்தது.

1970 என்று பெயர் விழுந்த கோப்புகளைக் குப்பையில் போட வேண்டியதில்லை. இடையில் மின்சாரம் அறாமல் இருந்தால் கடிகாரம் தவறான இடத்திலிருந்து சரியாகவே ஓடியிருக்கும். கழற்றும்போது தட்டிய கைத்தட்டு எந்தக் கோப்பில், எத்தனையாவது வினாடியில் விழுந்தது என்று பார்த்து, உண்மை நேரத்திலிருந்து அதைக் கழியுங்கள். அந்த வித்தியாசத்தை எல்லாக் கோப்புக்கும் கூட்டிப் பெயர் மாற்றலாம். மூலக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் மட்டும் செய்யுங்கள். பதிவான வரிசையில் பெயர்களிலுள்ள நேரம் எங்காவது பின்னோக்கிப் போயிருந்தால், நடுவில் மின்சாரம் அறுந்திருக்கிறது. அப்போது கடைசி அறுப்புக்குப் பிறகான கோப்புகளுக்கு மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.